உட்கார்ந்து பார்க்கிற வேலை

அந்தக் கடையில் மரவேலை மகனுக்கு, மெத்தை வேலை மருமகளுக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலை மாமனாருக்கு. சிரிக்க வேண்டாம், அதுவும் ஒரு வேலைதான். மாமனார் ஆயுசில் பாதியைப் பஸ் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த புதிதில், வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்த கடையில் மருமகள் உறை மாற்றி வைத்திருந்த ஒரு சோபாவில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இடுப்புக்கிட்ட ஒரு பள்ளம் இருக்கும்மா. இதுல உக்காந்து வண்டி ஓட்டினா முதுகு புடிச்சுக்கும்."

சோபாவில் உட்கார்ந்து யார் வண்டி ஓட்டப்போகிறார்கள் என்று மகன் கேலி செய்தான். மருமகள் கேலி செய்யவில்லை, பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு பட்டை தளர்ந்து கிடந்தது. அன்றிலிருந்து, அவர் உட்கார்ந்து தலையாட்டாமல் ஒரு முக்காலிகூட அந்த ஷட்டரைத் தாண்டியதில்லை. வாடிக்கைக்காரர்களே "டிரைவர் பாஸ் பண்ணிட்டாரா?" என்று போனில் கேட்டுவிட்டுத்தான் வண்டி அனுப்புவார்கள்.

அவர் பாஸ் பண்ணுகிற அழகைப் பார்க்க வேண்டும். குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். முதுகை நிமிர்த்தி உட்காருவார். இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு முன்னால் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். கண் எதிரே இருக்கிற டயர் கடையை நேராகப் பார்க்கும். கொஞ்ச நேரம் மூச்சுக்கூடக் கேட்காது. பிறகு, "ரைட், போலாம்" என்பார். அந்த வார்த்தைக்காக மருமகள் வாயில் ஊசியைக் கடித்தபடி காத்துக்கொண்டிருப்பாள்.

மருமகள் சாதாரணக் கைக்காரி அல்ல. மெஷின் ஓடாத மூலையைக் கையால் தைத்தாளென்றால் எது மெஷின் தையல், எது கைத்தையல் என்று அவளே சொன்னால்தான் உண்டு. ஆனால் இத்தனை வருடமும் அவளுக்கு வந்ததெல்லாம் அடுத்தவர் செய்த சாமானின் கிழிசல்கள். சலூன் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, பள்ளிக்கூட வண்டியின் சீட்டு. எவனோ போட்ட அளவுக்குள் இவள் பஞ்சைத் திணிக்க வேண்டும். துணி முதல் உயரம் வரை தானே முடிவு செய்து, ஒரு இடம் முழுக்கத் தன் மெத்தையாகவே இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை உண்டு. அதை அவள் யாரிடமும் வெளியே சொன்னதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஷேக் வந்தார். நிஜ ஷேக் இல்லை. அரபு நாட்டில் ஓட்டல் சமையல்கட்டில் வெந்து திரும்பி வந்தவருக்குத் தெரு வைத்த பெயர் அது. பெரிய சாலையில் ஒரு மாடியைப் பிடித்து அரபுச் சாப்பாட்டுக்கடை போடப்போகிறார். மேஜை, மெத்தை, தடுப்பு எல்லாம் சொல்லிச் செய்ய வேண்டும். இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார். ஒன்று கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூம், இன்னொன்று இவர்கள் கடை. ஒரு அறைக்கு வேண்டியதை மட்டும் இருவரும் மாதிரிக்குச் செய்து காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

"நான் படம் பாத்து வாங்குற ஆளு இல்ல" என்றார் ஷேக். "குடும்பத்தோட வருவேன், சோறு கொண்டாருவேன், உக்காந்து சாப்பிடுவேன். எது புடிக்குதோ, மொத்த ஹாலும் அவங்களுக்குத்தான்."

"சாப்பிட்டுப் பாத்தா எங்களுக்குத்தான்" என்றாள் மருமகள். சொன்ன பிறகுதான் தைரியம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றியது.

"அப்படியா? சரி, ஒட்டகம் எங்க வரும்?"

"எந்த ஒட்டகம்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற! அரபுக் கடைன்னா ஒட்டகம் வேணாமா? அந்த ஷோரூம்காரரு தடுப்புல ரெண்டு ஒட்டகம் வெட்டித் தரேன்னு சொல்லிட்டாரு. கூட ஒரு பேரீச்ச மரம்."

"அண்ணே, நீங்க அங்க இருந்தப்ப சாப்பிடுற எடத்துல ஒட்டகத்தப் பாத்தீங்களா?"

ஷேக் தாடையைச் சொறிந்தார். "ரோட்டோரமா நிக்கும்."

"சாப்பிடுற எடத்துல?"

"தட்டுல ஒரு தடவ பாத்திருக்கேன்."

டிரைவர் உள்ளேயிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஷேக்கும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கட்டும் என்றிருந்து மருமகள் கேட்டாள். "அவங்க எப்படி உக்காருவாங்கன்னு சொல்லுங்கண்ணே."

"நான் அடுப்புகிட்ட நின்னவன்மா. உள்ள போக முடியாது. கதவு இடுக்குல பாப்பேன். சுவத்த ஒட்டிச் சுத்தி மெத்த. நடுவுல ஒரே ஒரு பெரிய தட்டு. அஞ்சாறு பேரு அதுலயே கை வெப்பாங்க. சாப்ட்டு முடிச்சும் ஒருத்தர்கூட எந்திரிக்க மாட்டாங்க. அப்படியே சாஞ்சுக்குவாங்க. பேச்சுன்னா பேச்சு, பொழுது போறதே தெரியாது. இங்க நம்ம ஆளுங்க கடைசி வாயில சோறு இருக்கும்போதே கைகழுவுற எடத்தத் தேடுறாங்க. என் கடையில அப்படி இருக்கக்கூடாது. எனக்கு அதுதான் வேணும், ஒட்டகம் இல்லாட்டியும் பரவால்ல."

இந்தப் பேச்சில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமோ அதை விட்டுவிட்டு, மருமகள் துணியைப் பிடித்துக்கொண்டாள். ஷேக்குக்குத் தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு துணி பிடித்திருந்தது. அவள் அதன் ஒரு துண்டையும், கறுப்புக் கோடு போட்ட மாதுளைச் சிவப்பில் ஒரு துண்டையும் தரையில் விரித்து, அடுப்படியிலிருந்து குழம்பைக் கொண்டுவந்து இரண்டிலும் ஒரு கரண்டி ஊற்றினாள். ஷேக் பதறிப்போனார். துடைத்த பிறகு சிவப்பு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது. தங்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சிவப்பே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஜைக்கு அளவெடுக்க ஒரு பெரிய தட்டைக் கொடுத்தனுப்பினார். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரியது.

வேலை நடந்தது. மகன் மெல்லிய சட்டங்களைக் கோத்து, ஆணி அடிக்காமல் ஒரு தடுப்பு செய்தான். பின்னால் விளக்கைப் போட்டால் எதிர்ச்சுவர் முழுக்க நட்சத்திரமாக விழுந்தது. வட்ட மேஜை தட்டின் அளவுக்குக் கச்சிதமாக வந்தது. மூன்று பக்கமும் போட, பலகை அடித்துக் குட்டைக் கால் வைத்த மெத்தைகள். பக்கத்துக்கு ஒரு நீள மெத்தை, பின்சுவருக்கு ஒரு குட்டை மெத்தை. மருமகள் கட்டி ஃபோமாகத் தேர்ந்தெடுத்து, சாய்மானத்தை நிமிர்த்தி, ஒரு சுருக்கமில்லாமல் தைத்து முடித்தாள். டிரைவர் குளித்துவிட்டு வந்து குட்டை மெத்தையில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது, கை தூக்கிக்கொண்டது, கண் டயர் கடைக்குப் போனது.

"ரைட், போலாம்" என்றார். "இந்த மாதிரி சீட்டு எனக்குக் குடுத்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன்."

மருமகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் மதியம் ஷேக் குடும்பம் வருவதாக இருந்தது. அன்று காலையிலிருந்தே மழை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. டயர் கடைக்காரர் வேலையில்லாமல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். சோறு வெந்தபோது மருமகளுக்கு ஒரு யோசனை வந்தது.

"தட்டுக்கு அளவு எடுத்தோம். ஆனா அதுல சோறு போட்டுப் பாக்கலயே? இன்னிக்கு இதுலயே எல்லாரும் சாப்பிடலாங்க."

"நாளைக்குப் பரிச்சை, இன்னிக்கே ஒத்திகையா?" என்றான் கணவன்.

தட்டு நிறையச் சோறு, நடுவில் கறி, சுற்றி நாலு முட்டை. ஆண்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் வழக்கம்போலக் கரண்டியோடு நின்றாள்.

"பரிமாறத்தான் தனித்தனித் தட்டு இல்லியே, அப்புறம் ஏன் நிக்கிற? உக்காருக்கா" என்றார் டயர் கடைக்காரர்.

உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை வருடத்தில், தான் தைத்த ஒரு மெத்தையிலும் அவள் உட்கார்ந்ததில்லை. தைப்பதெல்லாம் மணைப்பலகையில் குந்தி. உட்காருவதற்குத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே.

காலை மடித்தால் முட்டி மேஜையில் இடித்தது. மடிக்காமல் விட்டால் வைக்க இடமில்லை. நடுத்தட்டுக்குக் கை நீட்டக் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்தது. நிமிர்ந்தால் சாய்மானம் 'நேரா உக்காரு' என்று வாத்தியார் மாதிரி தள்ளியது. ஒருக்களித்துக் கணவனிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். முழங்கை ஊன்ற ஒரு இடமும் இல்லை. டிரைவர் மட்டும் தேர் மாதிரி அசையாமல் உட்கார்ந்து, டயர் கடையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிக் கவளம் போனதுதான் தாமதம், டயர் கடைக்காரர் எழுந்துவிட்டார். "நல்ல சாப்பாடு. வரேன்." கணவனும் எழுந்துவிட்டான். வெளியே மழை கொட்டுகிறது, இருவருக்கும் போக ஒரு இடமும் இல்லை, ஆனாலும் எழுந்துவிட்டார்கள். ஸ்டாப்பிங் வந்த மாதிரி.

மருமகளின் கையில் சோறு காய்ந்தது. 'ஒருத்தர்கூட எந்திரிக்க மாட்டாங்க' என்று ஷேக் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

"என்னங்க, இது தப்புங்க" என்றாள். "மொத்தமும் தப்பு."

"எது?"

"சீட்டு. இதுல உக்காந்தா எந்திரிக்கத்தான் தோணுது. சாயத் தோணல."

டிரைவர் தலையைத் திருப்பினார். "எனக்கு நல்லாத்தானேம்மா இருக்கு?"

அவளுக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஷேக் சொல்லிவிடுவார்.

"மாமா, நீங்க நேரா பாத்து உக்காருவீங்க. வண்டி ஓட்டுறவங்க அப்படித்தான் உக்காரணும். தூங்காம ஓட்டுறதுக்கு இத விட நல்ல சீட்டு கெடையாது. ஆனா வர்றவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து உக்காரப் போறாங்க. அவங்களுக்குத் தூக்கம் வந்தாலும் பரவால்ல."

"அப்ப நான் பாஸ் பண்ணது தப்பு."

"நாற்காலிக்கெல்லாம் நீங்க சொன்னது ஒண்ணுகூடத் தப்பானதில்ல மாமா."

"இது தப்பு. அதச் சொல்லு."

அவர் கைகழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். படாரென்று அடித்துச் சாத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அது. அதைப் பறித்தவள் அவள்.

"விடு" என்றான் கணவன். "ஷோரூம்காரன் ஒட்டகத்த வெட்டி வெச்சிருப்பான். நம்ம தடுப்பு ஒண்ணே போதும். இந்த மழையில பிரிச்சா பசை காயாது. வெண்ணெ தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடைக்காத."

"போதும்னா நான் பழைய சீட்டுக்கே பஞ்சு தெணிச்சிட்டு இருக்கேன். ரம்பத்த எடுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், ரம்பத்தை எடுத்தான். இரண்டு நீள மெத்தையின் கால்களும் போயின. மேஜைக் காலும் கொஞ்சம் குறைந்தது. அவள் பின்னைப் பிடுங்கி, உறையை உரித்து, கட்டி ஃபோமில் பாதியைச் சீவி எறிந்து, மேலே மெத்தென்ற ஃபோமை வைத்தாள். சாய்மானத்தைப் பின்னால் சரித்தார்கள். பசைக்கு அடுப்படியிலிருந்து இரும்புச் சட்டியில் தணல் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள்.

"இப்ப யாரு உக்காந்து பாக்குறது?" என்றான் அவன், சாத்திய கதவைப் பார்த்து.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே உட்கார்ந்தாள். ஒரு காலை மடித்தாள். ஒருக்களித்தாள். கை ஊன்ற இடம் தேடிய இடத்தில், "இங்க கோடு போடுங்க" என்றாள். அவன் சாக்குக்கட்டியால் கோடு போட்டான். சீவி எறிந்த கட்டி ஃபோம் அங்கேதான் உதவியது. அதை உருட்டி, இறுகச் சுற்றி, சிவப்புத் துணியில் திண்டுகளாகத் தைத்தாள். இரண்டு பேருக்கு நடுவே ஒன்று. முழங்கையை வைத்தால் தோள் தானாக இறங்க வேண்டும். முதல் திண்டு உயரம், பிரித்தாள். இரண்டாவது உருண்டது, அடியைத் தட்டையாக்கினாள். மூன்றாவதில் முழங்கையை வைத்துக் கொஞ்சம் கண்ணை மூடினாள்.

"ஏய். ஏய்! தூங்கிட்டியா?"

"தூங்கிட்டனா?" என்று திடுக்கிட்டு எழுந்தவள், சிரித்தாள். "அப்ப பாஸ்."

பின்சுவர்க் குட்டை மெத்தை மட்டும் மிச்சமிருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போனவள், நின்றாள். ஒரு குறையுமில்லாத சீட்டு. அவர் உட்கார்ந்த தடம்கூட அதில் இருப்பதுபோலிருந்தது.

"இது மாமாவோடது. ஓரமாத் தள்ளித் துணி போட்டு மூடுங்க" என்றாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஷேக், அவர் மனைவி, மச்சான் குடும்பம், ஷேக்கின் பெரிய அக்கா என்று ஒரு பட்டாளம் வந்து இறங்கியது. தட்டில் அரிசி மலை மாதிரி கொட்டி மேலே முழுத்தொடையாகக் கறியை வைத்தார்கள். டிரைவரின் அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கீழ உக்காருக்கா. அதான் ஸ்டைல்" என்றார் ஷேக்.

"உன் ஸ்டைலுக்கு என் முட்டி ஒத்துக்கணுமேடா. உக்காந்துடுவேன், கிரேன் வெச்சுத்தான் தூக்கணும். நேத்து அந்த ஷோரூம்லயும் ஒட்டகத்தோட ஒட்டகமா நின்னுகிட்டேதான் சாப்ட்டேன். நீங்க சாப்பிடுங்க."

மருமகளுக்குப் பகீரென்றது. தாழ்த்தினோம், மெத்தென்று செய்தோம், முட்டிவலிக்காரரை யார் நினைத்தோம்? அவள் ஓரத்துத் துணியைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. தேய்த்த சட்டையோடு டிரைவர் வெளியே வந்தார்.

"ஏம்மா நிக்கிறீங்க? சீட்டு காலியாத்தானே இருக்கு" என்று துணியை உருவினார். மருமகள் தொடாமல் விட்ட மெத்தை அப்படியே இருப்பதைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கை அதன்மேலேயே நின்றது. "ஏறி உக்காருங்க. கால நீட்டிக்கலாம். முதுகுக்கு நான் கேரண்டி."

அவளுக்குச் சோறு வைக்க மகன் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டான். அக்கா உட்கார்ந்தாள். "அப்பாடா!" என்ற சத்தம் டயர் கடை வரை கேட்டது.

"ஆனா ஸ்டைலு..." என்று இழுத்தார் ஷேக்.

"வாய மூடுடா. வீட்டுக்கு ஒரு முட்டிவலிக்காரி இருப்பா. அவளுக்கு எடம் இல்லாத கடைக்கு அந்த வீடே வராது. நீ ஒட்டகத்த வெச்சுகிட்டு ஒட்டகத்துக்கே சோறு போடு."

சாப்பாடு நடந்தது. கறி தீர்ந்தது, அரிசி தீர்ந்தது, கையலம்பப் போனார்கள். மருமகள் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே செருப்பை மாட்டுவார்களா?

ஷேக்கின் மனைவி திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்து திண்டில் முழங்கையை ஊன்றினாள். மச்சான் வந்தான், காலை மடித்துச் சாய்ந்தான். ஒரு குழந்தை திண்டின்மேல் குறுக்கே படுத்துத் தூங்கிவிட்டது. யாரோ பழைய கல்யாணச் சண்டை ஒன்றை ஆரம்பித்தார்கள், எல்லோரும் அதில் இறங்கிவிட்டார்கள். விளக்கு போட்டிருந்ததால் சுவரில் நட்சத்திரம் விழுந்திருந்தது. டிரைவர் இதையெல்லாம் கைகட்டி நின்று பார்த்தார். இந்த முறை அவர் டயர் கடையைப் பார்க்கவில்லை.

ஜன்னல் கட்டையில் ஷேக்கின் போன் அடித்தது. மகன் எட்டிப் பார்த்து, "ஷோரூம்னு வருதுங்க" என்றான்.

ஷேக் திண்டில் புதைந்து கிடந்தார். கையை நீட்டினார், எட்டவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், மனசில்லை.

"அடிக்கட்டும் விடு. எந்திரிக்க முடியல" என்றார்.

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பவர் போலத் தலையைத் தூக்கி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். போன் அடித்து ஓய்ந்தது.

"மொத்த ஹாலும் நீங்கதான். அக்கா உக்காந்திருக்காளே, அந்த மாதிரி சுவரோரமா ஒரு வரிசையும் வேணும்" என்றார். "ஆமா, இது அந்த ஊர்ல பொறந்தவன் போட்ட அளவு மாதிரில்ல இருக்கு. யாரு உக்காந்து பாத்து எடுத்தது?"

தெருவுக்கே தெரிந்த பதில்தான். மருமகள் "மாமா..." என்று வாயெடுத்தாள்.

"என் மருமக" என்றார் டிரைவர். பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரல். "தச்சதும் அவதான், உக்காந்து பாத்ததும் அவதான். நான் பாஸ் பண்ணத, இது சரியில்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பிரிச்சுப் போட்டா. இந்தக் கடையில அந்தத் தைரியம் வேற யாருக்கு இருக்கு?"

மருமகளுக்குக் கண் கரித்தது. பெருமையில் நெஞ்சு நிறைந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் உக்காந்தாச்சு, நீ ஏம்மா நிக்கிற?" என்றார் டிரைவர். "உக்காரு."

ஷேக்கின் மனைவி நகர்ந்து இடம் விட்டாள். மருமகள் உட்கார்ந்தாள். காலை மடித்து, தான் தைத்த திண்டில் முழங்கையை ஊன்றி, எல்லோர் முன்னாலும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

டிரைவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ரைட், போலாம்" என்றார்.